அக்கா வீட்டு வெளி லைட்டு

என் அக்கா எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் தனியாக இருந்தாள். நாங்கள் அப்படி விட்டுவிட்டோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அத்தான் இறந்து பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் பஸ் ஏறிப் போன அன்றைக்கே நானும் என் மனைவியும் போய்க் கூப்பிட்டோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற அவள் மகன், என் மருமகன், கிளம்புவதற்கு முன்னால் அழுதே பார்த்துவிட்டான். அவள் அசைந்து கொடுக்கவில்லை.

“ஏலே, முப்பது வருசம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குச் சோறு பொங்கிப் போட்டவ நான். எனக்கு ஒரு ஆளுக்குப் பொங்கத் தெரியாதா? உன் வீட்ல வந்து உக்காந்தா ஒரு வாய் காப்பிக்கும் இன்னொருத்தி மொகத்தப் பாக்கணும். அது எனக்கு ஆகாது.”

குருவிகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். விடியற்காலையில் எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தே பழகியவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடும். என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள் சொன்னால் சொன்னதுதான். எங்கள் குடும்பத்துக் கோபம் முழுக்க எனக்கு வந்தது, பிடிவாதம் முழுக்க அவளுக்குப் போனது.

என் மனைவிதான் விடவில்லை. “மதினி, ராத்திரி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள்.

அக்கா ஒரு ஏற்பாடு சொன்னாள். “காலைல அஞ்சு மணிக்கு எந்திச்சதும் வெளி லைட்டைப் போடுவேன். அது எரிஞ்சா நான் நல்லாருக்கேன்னு வச்சுக்கோ. அஞ்சரை வரைக்கும் எரியலன்னா வந்து கதவைத் தட்டு. ஏழு மணிக்கு அணைச்சேன்னா வாசல் வேலை முடிஞ்சு அடுப்படிக்குப் போயிட்டேன்னு அர்த்தம். போதுமா?”

போதும் என்றாள் என் மனைவி. அவளும் பதிலுக்கு எங்கள் வெளி லைட்டைப் போடுவாள். ஆறு வருஷம் இப்படியே ஓடியது. தெரு முழுக்க இந்த ஏற்பாடு தெரியும். பால்காரர்கூட லைட்டைப் பார்த்துவிட்டு, “பெரியம்மா எந்திச்சிட்டாவ” என்று சொல்லிக்கொண்டுதான் கேட்டில் பையை மாட்டுவார். ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க நேரமாகிவிட்டது. ஐந்தரைக்கு மேல் ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். என் மனைவி போய்க் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினாள். அக்கா தலையில் ஈரத்துண்டோடு வந்து திறந்தாள். “ஏட்டி, அஞ்சு நிமிசம் பொறுக்க மாட்டியா? அதுக்குள்ள என்னை அனுப்பி வச்சிருவ போலிருக்கே!” என்று திட்டினாள். திட்டினாளே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். தன் ஏற்பாடு வேலை செய்கிறதே என்று.

அந்த ஒரு லைட்டை நம்பித்தான் அவள் தனியாக இருந்தாள். அந்த லைட்டு இருந்ததால்தான் நாங்களும் அவளைத் தனியாக இருக்க விட்டோம். மருமகன் கேமரா வைக்கிறேன் என்றபோது, “என்னைப் படம் பிடிச்சா உன் போனை ஒடைப்பேன்” என்று சொல்லிவிட்டாள். லைட்டு போதும் அவளுக்கு.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது நான்.

தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த முதல் வருஷம் எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை. அதட்டுவதற்கு ஆளில்லை, கையெழுத்துக்குக் காத்திருப்பவர் இல்லை. போனை நோண்டிக்கொண்டே இருந்ததில் ஸ்மார்ட் சுவிட்சு கண்ணில் பட்டது. வாங்கி என் வீட்டில் மாட்டினேன். கண்ணாடித் தகடு, தொட்டால் எரியும், போனில் தட்டினாலும் எரியும். வந்தவர் போனவருக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். பஜாரில் நின்றுகொண்டு வீட்டு லைட்டை அணைத்துப் போட்டு என் மனைவியைப் பயமுறுத்தினேன். அவள் என் பவிசைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். “இவுகளுக்கு லைட்டைப் போட போன் வேணும். போனைத் தேட லைட்டு வேணும். நாங்க இருட்டுல உக்காந்திருக்கோம்.”

சிரித்தால் சிரிக்கட்டும் என்று நான் அடுத்ததாக அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு மூட்டு வலி. கட்டிலில் இருந்து சுவர் வரைக்கும் தட்டுத்தடுமாறி நடந்துதான் லைட்டைப் போட வேண்டும். கட்டில் பக்கத்திலேயே ஒரு தகடு ஒட்டிவிட்டால், படுத்தபடியே எல்லா லைட்டையும் போடலாம். இதைச் சொன்னதும் அவள், “எனக்கு எதுக்குலே இந்தச் சீமைச் சாமானெல்லாம்?” என்றாள். இரண்டு நாள் பேசிப் பேசிக் கரைத்தேன். மகன் லீவில் வரும்போது வேண்டும் என்று போட்டதில் அவள் வீட்டில் ஏற்கெனவே வைஃபை இருந்தது. அவளுடையது பட்டன் போன். ஆகையால் சுவிட்சுகளை எல்லாம் என் போனில் சேர்த்துக்கொண்டேன். அதில் ஒரு பெருமை வேறு எனக்கு.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் வாசலில் நின்று பழைய போர்டைக் கழற்றும்போது ஒரு வார்த்தை சொன்னார். “அண்ணாச்சி, வெளி லைட்டுக்கு மட்டும் பழைய சுவிட்சையே விட்டுருவோமா? வயசானவுங்க, கைப்பழக்கம் ஒண்ணு இருக்கும்லா.”

“நீரு வந்த வேலையைப் பாரும்வே. போட்டா முழுசாப் போடணும்” என்றேன். அவர் அதையும் கழற்றிவிட்டார். பழைய சுவிட்சு ஒரு முட்டாள் சாமான். அணைத்து வைத்தால் அணைந்தே கிடக்கும். கரண்ட் போய்விட்டு வந்தாலும் மேலே இருந்தால் மேலே, கீழே இருந்தால் கீழே. அந்த முட்டாள்தனத்துக்கு இருந்த மதிப்பு அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மாட்டி ஒரு மாதம் ஆகியிருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினார்கள். அக்கா கோயிலுக்குப் போய் அம்மன் சன்னதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அப்படியே கடைக்கும் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல் வீடு திரும்பினாள். கதவைத் திறந்தால், யாரும் இல்லாத வீட்டில் எல்லா லைட்டும் எரிகிறது, எல்லா ஃபேனும் சுற்றுகிறது. திருடன் வந்துவிட்டான் என்று பயந்து வாசலிலேயே நின்று எனக்குப் போன் போட்டாள். நான் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். அந்தச் சுவிட்சில் ஒரு செட்டிங் உண்டு. கரண்ட் திரும்பி வரும்போது எரிய வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா, முன்னால் இருந்த மாதிரியே இருக்க வேண்டுமா என்று மூன்று வழி. கம்பெனிக்காரன் அதை எரிய வேண்டும் என்று வைத்து அனுப்பியிருக்கிறான். என் வீட்டில் அதை முன்பே மாற்றிவிட்டேன், இங்கேயும் மாற்றினால் தீர்ந்தது. “மாத்திடுதேன்க்கா” என்றேன். மாற்றலாம் என்று போனைத் திறந்தால், முதலில் இதைப் புதுப்பி, அதைப் புதுப்பி என்று அது கேட்டது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பைக்குள் போட்டேன்.

அடுத்த தடவையும் அதே கூத்து. அக்கா வந்து சொன்னாள். நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன்.

மூன்றாவது தடவை அவள் வந்தபோது நான் டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஓவர். அவள் என் நாற்காலிப் பக்கம் வந்து நின்றுகொண்டு சொன்னாள். “ஏலே, கரண்ட் வந்ததும் வெளி லைட்டும் தன்னால எரியுதுல்லா. நான் போடாமலே அது எரிஞ்சா, பெறகு அதுக்கு என்னலே அர்த்தம்?”

அவள் கேட்டது சரியான கேள்வி. அந்த வீட்டில், அந்தத் தெருவில், அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? டி.வி.யில் இருந்து கண்ணை எடுக்காமல் கத்தினேன். “எக்கா, ஒரு லைட்டு எரிஞ்சதுக்கு ஊரையே கூட்டுதியே! நாளைக்குப் பாக்குதேன்னு சொல்லுதேன்லா? சும்மா நை நைன்னு!”

அவள் முகம் சுண்டிப்போனது. “சரிலே. நான் ஒண்ணும் சொல்லல” என்று சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் மறந்தேன். மாட்சில் யார் ஜெயித்தார்கள் என்பதுகூட இப்போது எனக்கு ஞாபகமில்லை.

ஐப்பசி மாதம். இரண்டு நாளாக அடைமழை இல்லை, ஆனால் விடாத தூறல். எங்கள் தெருவுக்குப் பின்னால் வரிசையாக விசைத்தறிகள். ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்குத் தூக்கம் வரும், சத்தம் நின்றால் முழிப்பு வந்துவிடும். அன்றைக்கு விடியற்காலையில் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. எனக்கு முழிப்பு வந்தது. போனைப் பார்த்தேன், நாலேகால். கரண்ட் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அரைத் தூக்கத்தில் இருக்கும்போதே தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. கரண்ட் வந்துவிட்டது. நன்றாகத் தூங்கிப் போனேன்.

ஐந்து மணிக்கு என் மனைவி எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தாள். எதிர்வீட்டு வெளி லைட்டு எரிந்தது. “மதினி எந்திச்சாச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எங்கள் லைட்டைப் போட்டாள். அக்கா வாசலில் கோலம் இல்லை. தூறலில் யார் வாசலிலும் கோலம் இல்லை. பால்காரர் லைட்டைப் பார்த்தார், பையை மாட்டினார், போனார்.

ஏழு மணிக்கு நான் காப்பியோடு வாசலில் வந்து உட்கார்ந்தேன். நன்றாக விடிந்துவிட்டது. எதிர்வீட்டில் லைட்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு வெளிச்சத்தில் எதற்கு லைட்டு? வர வர அக்காவுக்கு ஞாபகமறதி என்று நினைத்தேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். எழுந்து நாலு எட்டு வைத்தால் அவள் வாசல். தூறலில் யார் இறங்குவது? பையில் இருந்து போனை எடுத்தேன். அக்கா வீடு, வெளி லைட்டு, தட்டினேன். அணைந்தது. உட்கார்ந்த இடத்தில் இருந்தே வேலை முடிந்ததில் எனக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் என் மனைவி வெளியே வந்தாள். எதிர்வீட்டைப் பார்த்தாள். “மதினி லைட்டை அணைச்சிட்டாவ. மழைக்குள்ள வெளிய வராம அடுப்படியில இருக்காவ போல” என்றாள்.

நான் பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல், “ம்” என்றேன்.

நான்தான் அணைத்தேன் என்று சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குப் படவில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்த நிமிஷமே போய்க் கதவைத் தட்டியிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள். விடியற்காலையில் கரண்ட் போய் வந்தது எனக்குத் தெரியும். கரண்ட் வந்தால் அந்த லைட்டு தன்னால் எரியும் என்பதும் எனக்குத் தெரியும். தெருவில் இரண்டும் தெரிந்து உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான். காப்பியைக் குடித்து முடித்தேன்.

பத்தரை மணிக்கு என் மனைவி கொஞ்சம் மிளகு ரசத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். மழைக்கு மதினிக்குப் பிடிக்கும் என்று. பால் பை கேட்டில் அப்படியே தொங்கியது. அவள் கூப்பிட்ட குரல் எனக்கு இங்கே கேட்டது. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது. “சாவியை எடுத்துட்டு வாங்க! சாவியை எடுத்துட்டு ஓடி வாங்க!” எங்களிடம் ஒரு மாற்றுச் சாவி உண்டு. எடுத்துக்கொண்டு ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை.

வீட்டுக்குள் எல்லா லைட்டும் எரிந்தது. அந்தக் குளிரில் எல்லா ஃபேனும் சுற்றியது. அக்கா ஹாலில், குளியலறைக்குப் போகிற வழியில் தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. சேலை நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது. அவள் வலது கைக்குப் பக்கத்தில் டார்ச்சு லைட்டு கிடந்தது. அது எரிந்துகொண்டிருந்தது. சார்ஜ் தீர்ந்துபோகிற மாதிரி மங்கலாக. கரண்ட் இல்லாத நேரத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தவள் விழுந்திருக்கிறாள். என் மனைவி அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, “மதினி, மதினி, இங்க பாருங்க மதினி” என்று கதறினாள். அக்கா என்னைத்தான் பார்த்தாள். நான் குனிந்து டார்ச்சை அணைத்தேன். எனக்கு அதைத் தவிர வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு விழுந்தார்கள் என்று கேட்டார். கரண்ட் இல்லாதபோது, நாலேகாலுக்கு மேல், ஐந்து மணிக்குள் என்று சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலரை மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்திருந்தா ஒரு ஊசி போட்டுப் பாத்திருக்கலாம் சார். இப்ப அதுக்கு நேரம் கடந்துபோச்சு” என்றார். போட்டிருந்தாலும் முழுக்கச் சரியாகியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். அது என் காதில் ஏறவில்லை. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். லைட்டு எரியாமல் இருந்திருந்தால் ஐந்தரைக்குக் கதவைத் தட்டியிருப்போம். ஏழு மணிக்கு மேல் அது எரிந்துகொண்டே இருந்திருந்தால்கூட என் மனைவி ஏழேகாலுக்குப் போயிருப்பாள். அங்கிருந்து திருநெல்வேலி ஒன்றரை மணி நேரம். மட்டுமட்டாக என்றாலும் நேரம் இருந்தது.

மருமகன் மறுநாள் விமானம் ஏறி வந்துவிட்டான். அவனிடம், கரண்ட் வந்து லைட்டு தன்னால் எரிந்துவிட்டது, அதனால் ஏமாந்துவிட்டோம் என்று முன்பே போனில் சொல்லியிருந்தேன். அது உண்மை. பாதி உண்மை. அடுத்த கேள்வியை அவன் கேட்டுத்தான் தீருவான். தன்னால் எரிந்த லைட்டு ஏழு மணிக்கு எப்படி அணைந்தது மாமா? விடிந்த பிறகும் எரிந்துகொண்டே இருந்திருந்தால் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்குமே? என்ன பதில் சொல்வது என்று ஆஸ்பத்திரி நடையில் நடந்து நடந்து யோசித்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றும் நினைத்தேன், மறுபடியும் கரண்ட் போயிருக்கும் என்று சொல்லலாமா என்றும் நினைத்தேன். இரண்டாவதைத்தான் அதிக நேரம் நினைத்தேன். மனுஷன் எவ்வளவு கேவலமானவன் என்பது எனக்கு அந்த நடையில்தான் தெரிந்தது.

அவன் கேட்கவில்லை. இரண்டு வாரம் இருந்தான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடியும் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க பக்கத்துல இருக்கப் போயித்தான் மாமா அம்மா உயிரோட இருக்கா” என்றான். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்றிருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. தப்பித்துவிட்டேன் என்றுகூட உள்ளே ஒரு மூலையில் ஓடியது. என் மனைவியிடமும் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் தான் போய்ப் பார்க்காமல் விட்டதை நினைத்து அவள் அழும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, “உன் மேல என்ன தப்பு, லைட்டைப் பாத்து நீ நம்பின” என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்!

திருநெல்வேலியில் இருந்து வந்த மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அக்கா வீட்டில் எல்லாவற்றையும் கழற்றிப் பழைய சுவிட்சையே மாட்டச் சொன்னேன். கழற்றுவதற்கு முன்னால் போனைத் திறந்து அந்தச் செட்டிங்கை மாற்றிப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஆனது. எலக்ட்ரீஷியன் எதுவும் கேட்காமல் வேலையை முடித்துவிட்டுப் போனார். ‘அன்னைக்கே சொன்னேன்லா அண்ணாச்சி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆனால் அந்த வீட்டில் சுவிட்சு போட ஆளில்லை. அக்காவின் இடது காலும் இடது கையும் வரவில்லை. பேச்சு குழறினாலும் புரிகிறது, புத்தி பழையபடி கூர்மைதான். எங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம். தன் வீட்டைப் பற்றி அவள் கேட்பதில்லை. திரும்பப் போவேன் என்றும் சொல்வதில்லை. என் மனைவி குளிப்பாட்டித் துணி மாற்றிவிடும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். காலையிலும் சாயங்காலமும் காப்பி மட்டும் நான் கொடுப்பேன். வேறு யாரையும் கொடுக்க விடுவதில்லை.

போன தை மாதம் ஒரு மத்தியானம். என் மனைவி ராயகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் அக்காவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. பின்தெருவில் தறிகள் நின்றன. பத்து நிமிஷத்தில் திரும்ப வந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகப் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி.

“அன்னைக்கும் இப்படித்தாம்ல. கரண்ட் வந்துது. வாசக் கதவுக்கு மேல கண்ணாடி இருக்குல்லா, அது வழியா வெளி லைட்டு தெரிஞ்சுது. ஐயோ, எரியுதே, இனி அஞ்சரைக்கு ஒருத்தியும் வந்து தட்ட மாட்டாளேன்னு பதறிப்போச்சு. கூப்பிட்டேன். கொரலு வரல. இருந்தாலும் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தேன். எப்படியும் விடிஞ்ச பெறகும் லைட்டு எரிஞ்சா உன் பொண்டாட்டி விடமாட்டா, வந்துருவான்னு ஒரு தெம்பு.”

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“பெறகு அது அணைஞ்சுது” என்றாள். “என் கண்ணு முன்னாலதான் அணைஞ்சுது. நீதான்னு தெரிஞ்சு போச்சு. வேற யாரு அணைக்க முடியும்? அந்தால கூப்பிடுறத விட்டுட்டேன்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எக்கா, எக்கா” என்று மட்டும் சொன்னேன். அறுபது வயதுக் கிழவன், சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன். அவள், “அது செத்த கைலே. அதுல ஒண்ணும் தெரியாது. இந்தப் பக்கம் வா” என்றாள். நான் கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன்.

“மருமகன்ட்ட நான் சொல்லலக்கா” என்றேன். “யாருட்டயும் சொல்லல. அவன் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவன் கேக்கவே இல்ல.”

“எப்படிக் கேப்பான்? ஆஸ்பத்திரியில என்னயத்தான் கேட்டான். ஏழு மணிக்கு நான்தான் லைட்டை அணைச்சேன், அதுக்குப் பெறகுதான் விழுந்தேன், மாமனுக்கு அது தெரியாதுன்னு சொல்லிட்டேன்.” மூச்சு வாங்கியது அவளுக்கு. வலது கையால் என் தலையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். “நீ பாட்டுக்கு எதையாவது உளறி வைக்காத. அவனுக்கு இருக்குறது ஒரே ஒரு மாமன்லா.”